இடப்பக்கம் இழுத்த வண்டி

அந்தத் தெருவில் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சரை யாரும் நினைப்பதில்லை. கூரையில் மஞ்சள் பலகை மாட்டிய சின்ன வெள்ளைக் காரில், இடது இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனி பிரேக் ஒன்றை வைத்துக்கொண்டு, பதினெட்டு வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளைத்தான் நினைப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிவிடத் துடிக்கிற பையன்கள், மருமகளை நம்பிக் காரில் ஏறப் பிடிக்காத மாமியார்கள், பணி ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்க முடியாத வங்கிக்காரர்கள் என்று எல்லோரும் அவளிடம் வந்தார்கள். அவள் யாரையும் அதட்டியதில்லை. ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்கிறவர்களிடம் மட்டும், "தளர்த்திப் பிடிங்க. ரோடு என்ன சொல்லுதுன்னு கைக்குத்தான் முதல்ல தெரியும்" என்பாள்.

அவள் கணவர் இரண்டு தெரு தள்ளி அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். கோணிப்போன சக்கரங்களை நேராக்குகிற வேலை. கூடவே டயரும் மாட்டிக்கொடுப்பார். தொழிலில் கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர். ஒரு காரை மேடையில் ஏற்றிச் சக்கரங்களில் கருவிகளை மாட்டினால், திரையில் கோடுகள் பச்சையாகும்வரை சாப்பிடக்கூடப் போகமாட்டார். அவளிடம் படிக்கிறவர்கள் வண்டியை நடைபாதை விளிம்பில் ஏற்றிக் கோணலாக்குவதும், அதை அவர் நேராக்குவதும் தெருவில் பழைய வேடிக்கை. "புருஷன் தொழிலுக்குப் பொண்டாட்டியே ஆள் பிடிச்சு அனுப்புறா" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொல்லாத வாரமில்லை. இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

வெயில் காலம் தொடங்கியபோது அவள் காருக்கு நான்கு புது டயர் வாங்கினாள். அதிலேயே வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. கெட்டி ரப்பர் டயராகப் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும் என்றார் அவர்.

"கல்லு மாதிரி உழைக்கும்," என்றார்.

"மழையில கல்லு மாதிரி வழுக்கவும் செய்யும்," என்றாள் அவள்.

தனக்கு வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அகலமான டயர் போட்டால் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது ஸ்டீயரிங் கனக்கும், புதிதாகப் பழகுகிறவர்களின் தோள் நோகும். பக்கவாட்டு உயரமான டயர் என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபிறகு வண்டி ஒரு மூச்சு யோசித்துத்தான் திரும்பும், அந்த ஒரு மூச்சில் அவர்கள் பயந்து இன்னும் திருப்பிவிடுவார்கள். மெத்தென்ற ரப்பர், தண்ணீரை வெட்டி வெளியே தள்ளுகிற, டயர்க்காரர்கள் பட்டன் என்கிற வெட்டுவரிகள், அளவான அகலம். மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தாள். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும், அது எந்த வாரம் எந்த வருஷம் வார்க்கப்பட்டது என்று நான்கு இலக்கத்தில் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணையும் பார்த்து, காரிலேயே வைத்திருக்கும் கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் பார்த்த நாள், எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். டயர்களை அவள் கணவர்தான் மாட்டினார். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "வெண்ணெயில கத்தி போற மாதிரி திரும்புதுங்க" என்று அவரிடம் சொன்னாள். சரி, நீயே கெட்டிக்காரி என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நான்கு நாள் அங்கே போய் இருந்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்து வண்டியை எடுத்த முதல் காலையிலேயே அவளுக்கு என்னவோ போலிருந்தது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. நேர்ச் சாலையில் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. திருப்பத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மனமில்லாமல் வந்தது. கைக்குள் ரோடு பேசுவது நின்றுபோய், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. இறங்கி டயர்களைப் பார்த்தாள். காற்று சரியாக இருந்தது. பட்டன் புதுசு மாதிரி, அதே கம்பெனி, அதே வடிவம், கறுகறுவென்று பளபளப்பு. அன்று மத்தியானமே கணவர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அவர் மேடையில் ஏற்றிப் பார்த்தார். கோடுகள் எல்லாம் பச்சை.

"நேரா இருக்கே," என்றார்.

"இழுக்குதுங்க. இடப்பக்கம் இழுக்குது."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

போன வருஷம் அவளுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு நெரிந்து விரல்கள் மரத்துப்போய்ச் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. அதற்குப்பிறகு அவள் அதை நினைத்ததுகூட இல்லை. அவர் கேட்டதும் கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது. வலது கை லேசா வலு குறைஞ்சா வண்டி இடது பக்கம் போற மாதிரிதான் இருக்கும்," என்றார் அவர். குரல் மிகவும் பரிவாக இருந்தது.

கேள்வி கேட்பது சுலபம். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் கை அதற்குப் பதில் தேட ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த வாரம் அவளுக்கு விரல் நுனியில் குறுகுறுப்பு தெரிந்தது. அதற்கடுத்த வாரம் காலையில் எழும்போது கை கனத்தது. கணவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊசிகள் குத்தி மின்சாரம் செலுத்திப் பார்த்துவிட்டு, நரம்பு நன்றாக இருக்கிறது, தொந்தரவாக இருந்தால் ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், டெஸ்ட்டில் எல்லாம் தெரிந்துவிடாது என்றார் கணவர். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வாங்கிக்கொடுத்து, தினமும் காலையில் அவரே கட்டியும் விட்டார். இந்த வயதில் இப்படிப் பார்த்துக்கொள்கிற மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று அவள் அக்காவிடம் போனில் சொன்னாள்.

மழைக்காலம் வந்தது.

அப்போது அவளிடம் ஒரு நர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்கிற வேலைக்கு மாற வேண்டும் என்று ஆசை. அதற்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரவு வேலை முடிந்து நேராக வந்து ஸ்டீயரிங்கில் உட்காருவாள், கொட்டாவி விட்டதே கிடையாது. டீச்சர் சொல்கிற ஒவ்வொன்றையும் திருப்பி ஒருமுறை தனக்குள் முணுமுணுத்துக்கொள்வாள். இந்தப் பெண் முதல் தடவையிலேயே தேறிவிடுவாள் என்று டீச்சர் வீட்டில் சொல்லியிருந்தாள்.

அது ஒரு காலை. விட்டுவிட்டுத் தூறல். தபால் நிலையத்தைத் தாண்டி வலப்பக்கம் வளைகிற சாலை. பெரிய வேகம் ஒன்றுமில்லை. நர்ஸ் சரியான இடத்தில் காலைத் தளர்த்தினாள், சரியான இடத்தில் திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. மூக்கை நேராக வைத்துக்கொண்டு ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனது. டீச்சர் பிரேக்கை மிதித்துவிட்டு, குறுக்கே வலது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து மேலும் திருப்பினாள். முன்சக்கரங்கள் திரும்பிக்கொண்டுதான் இருந்தன, வண்டி அவற்றைச் சட்டை செய்யவில்லை. எதிரே ஒரு மதில் சுவர். அதை ஒட்டிக் குடை பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

கார் அந்தப் பெண்ணுக்கு இரண்டு எட்டுத் தள்ளிச் சுவரில் மோதி நின்றது. குடை கீழே விழுந்து காற்றில் உருண்டது. அந்தப் பெண் கத்தவில்லை, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நர்ஸின் நெற்றி ஸ்டீயரிங்கில் அடித்துப் புருவத்துக்கு மேல் கிழிந்திருந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் அவள் சொன்னாள்.

"திருப்பினேன் டீச்சர். நான் முழுசாத் திருப்பினேன்."

"லேட்டாத் திருப்பிட்டே," என்றாள் டீச்சர்.

பதினெட்டு வருஷத்தில் அவள் படிக்கிறவர்மேல் பழி போட்டது அதுதான் முதல் தடவை. பயத்தில் வாயில் வந்துவிட்டது. நர்ஸுக்கு நான்கு தையல் போட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து டீச்சர் நடந்ததைக் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை, அந்தப் பெண் சரியாகத்தான் ஓட்டினாள், நான் பிடித்தபோதும் கேட்கவில்லை என்றாள். அவர் நாற்காலியின் கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கை முழுசாத் திருப்பியிருக்காது. மரத்துப்போன கைக்குத் திருப்பின மாதிரியேதான் இருக்கும்," என்றார்.

அவள் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தக் குடை உருண்டு உருண்டு வந்தது. இரண்டு எட்டு. நான்காம் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பயிற்சி கொடுப்பதற்கான அனுமதியை ரத்து செய்துகொள்ளச் சொல்லி லைசென்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். உடல்நலக் குறைவு, வலது மணிக்கட்டு, பிறருடைய உயிருக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதால். கணவர் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாக வாசித்தார்.

"மணிக்கட்டுக்கு நடுவுல க் வரும். ஒற்று விட்டுட்டே," என்றார்.

அவள் திருத்தினாள். மறுநாள் அவரே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

முன்பக்கம் நசுங்கிய கார் டிங்கர் பட்டறையில் கிடந்தது. தகடு தட்டுகிற அந்த மனிதர் அரைச் செவிடு. எல்லோரிடமும் உரக்கப் பேசுவார், எதையும் மறைக்கத் தெரியாது. இரண்டு வாரத்தில் வண்டி தயார் என்று ஆள் சொல்லி அனுப்பினார். இனி ஓட்டப்போவதில்லை, விற்றுவிடலாம் என்றுதான் டீச்சர் போனாள். விற்கிற வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று டிங்கர் சாவியைக் கையில் திணித்தார். பட்டறைக்குப் பின்னால் நீளமாக ஒரு காலிச் சாலை இருந்தது. மெதுவாக ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்று ஏறினாள்.

வண்டி வலப்பக்கம் இழுத்தது.

நிறுத்தினாள். திரும்பவும் எடுத்தாள். வலப்பக்கம்தான். ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் நிதானமாக, பிடிவாதமாக வலப்பக்கம் ஒதுங்கியது. சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதம் இடப்பக்கம் இழுத்தது தன் வலது கையின் பலவீனம் என்றால், இப்போது வலப்பக்கம் இழுப்பது எது? மணிக்கட்டுப் பட்டையின் ஒட்டைப் பிரித்தாள், ஒட்டினாள், பிரித்தாள்.

பட்டறைக்கு வந்து, முன்சக்கரங்களைக் கழற்றினீர்களா என்று டிங்கரிடம் கத்திக் கேட்டாள்.

"கழட்டாம எப்படித் தட்டுறது? ரெண்டையும் கழட்டித்தான் வேலை பார்த்தேன். இடம் மாத்தி மாட்டிட்டேன் போல. ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்," என்றார்.

"ஒரு தடவை கழட்டிக் காட்டுங்க."

டிங்கர் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றித் தரையில் உருட்டிவிட்டார். அவள் முழங்காலிட்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். வெளியே தெரியாத அந்தப் பக்கத்தில்தான் நான்கு இலக்கம் இருந்தது. காரிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். நோட்டில் இருந்தது இந்த வருஷத்து எண். டயரில் இருந்த எண்ணின்படி அதற்கு ஆறு வயது. பளபளப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்ததும் கறுப்புச் சாயம் விரலில் வந்தது. அதன் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். நகத்தால் அழுத்தினாள், ரப்பர் அமுங்கவேயில்லை. மற்ற மூன்றையும் கழற்றச் சொல்லிப் பார்த்தாள், அவையும் அப்படியேதான் இருந்தன. நான்கிலும் எண் உள்பக்கம்.

"ஒரு டயர் உருண்டையாவே இல்ல பாருங்க. அடுக்கி வெச்சதுல அடியில கிடந்து நசுங்கின மாதிரி இருக்கு," என்று உரக்கச் சொன்னார் டிங்கர். "அதான் இழுக்குது. நல்லா அனல்ல கிடந்த சரக்கு. உங்க வீட்டுக்காரரு கண்ணுல எப்படித் தப்பிச்சுது?"

அவளுக்குக் கணவர் கடைப் பரணில் கிடந்த டயர் அடுக்கு நினைவுக்கு வந்தது. தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே. யாரோ ஒரு வாடிக்கைக்காரர் சொல்லிவைத்துவிட்டு எடுத்துக்கொள்ளாமல் போன சரக்கு என்று எப்போதோ அவர் சொன்னது. தான் மூன்று கடை ஏறித் தேர்ந்தெடுத்ததும் அதே கம்பெனி அதே வடிவம் என்பது அவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிருக்கும்.

அப்படியென்றால் தன்னுடைய நான்கு எங்கே? அதற்கும் அவள் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கொழுந்தன், கணவரின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவள் அக்கா வீட்டில் இருந்த அந்த நான்கு நாளில்தான் அவனுக்கு ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற நிரந்தர வேலை கிடைத்திருந்தது.

ஆட்டோ பிடித்துக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். மத்தியான ஓய்வுக்கு வந்தவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டிக்கு இந்தப் பக்கமே, குனியக்கூட வேண்டாம், எண் வெளிப்பக்கம் தெரிந்தது. நோட்டில் இருந்த அதே எண்.

"வாங்க அண்ணி. கை எப்படி இருக்கு?"

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

அவன் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். தெருவைத் தாண்டி, பாலத்தில் ஏறி, வளைந்து இறங்கினாள். மழை பெய்து ரோடு நனைந்திருந்தது. அவள் பட்டையைக் கழற்றி மடியில் போட்டிருந்தாள். ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திருப்பினால் வண்டி ஒரு விரற்கடை திரும்பியது. தண்ணீர் தேங்கிய இடத்தில் நுழைந்தபோது எவ்வளவு தண்ணீர், அடியில் என்ன மண் என்றுகூடக் கைக்குத் தெரிந்தது. குறுகுறுப்பு இல்லை, கனம் இல்லை. அவள் கை அவளிடம் திரும்பி வந்துவிட்டது. அது எங்கேயும் போயிருக்கவேயில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. அதே நொடியில் மடியில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். கை நன்றாக இருப்பது தெரிந்த ஒரு ஆள், இத்தனை மாதமும் அதில் பட்டை கட்டிவிட்டிருக்கிறார்.

"நல்லா ஓடுதில்ல அண்ணி?" என்றான் கொழுந்தன். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. அண்ணன்தான் வேணாம்னாரு. நீங்களே கழட்டிக் குடுக்கச் சொன்னீங்களாம். அதைப் பத்தி அவகிட்டப் பேச்சே எடுக்காதே, குடுத்ததைச் சொல்லிக்காட்டினா அவளுக்குப் பிடிக்காதுன்னாரு."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். எதையோ தேடுவதுபோல முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து மூடினாள். இவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்று புரிந்தது. அப்போது மறுநாள் காலையிலேயே கம்பெனிக்காரர்கள் வண்டியைச் சோதிக்க வருவதாக இருந்தது என்றும், தன் டயர்கள் மொட்டையாக இருந்தன என்றும், கையைப் பிசைந்துகொண்டு அண்ணன் முன்னால் நின்றேன் என்றும் அவனே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அலைன்மென்ட் கடையில் அப்போது வாடிக்கைக்காரர் யாருமில்லை. கணவர் குழிக்குள் நின்று ஏதோ ஒரு வண்டியின் அடிப்பகுதியை விளக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வாங்க," என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார். அவள் மணிக்கட்டில் பட்டை இல்லாததைத்தான் முதலில் பார்த்தார்.

"உங்க தம்பி வண்டிய ஓட்டிட்டு வர்றேன்," என்றாள்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானாகவே பேசத் தொடங்கினார். தம்பிக்கு அந்த வேலை போயிருந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும், விடிந்தால் சோதனை, பரண் டயரென்றால் எண்ணைப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள், புதுசு வாங்கக் கையில் காசில்லை, நீயும் ஊரில் இல்லை, இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், வெயிலில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, மழைக்கு முன்னால் எப்படியும் மாற்றிவிடுவேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன் என்றார். ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் இருந்தது.

"தம்பிக்குன்னு கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"அப்புறம்?"

"உன் வண்டிக்கு என்னத்தைப் போடுறதுன்னு கேப்பே. பரண்ல கிடக்கிறதைன்னு சொன்னா ஒத்துக்கமாட்டே. வண்டிய நிறுத்திடுவே."

"டயரை விடுங்க," என்றாள் அவள். "என் கைன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு இந்த மேடையில ஏத்தினப்பவே உங்களுக்குத் தெரியும். கோடு எல்லாம் பச்சையா இருந்தும் வண்டி இழுத்தா டயர்தான்னு. ரெண்டு சக்கரத்தை மாத்திப் போட்டா தெரிஞ்சிடும்னும் தெரியும்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ அதையே நம்ப ஆரம்பிச்சிட்டே. நீ நம்பினதுக்கு அப்புறம் என்னால வாயைத் திறக்க முடியல."

"ஒரு பொம்பளை சாக இருந்தா. அந்தப் பொண்ணு நெத்தி கிழிஞ்சு நின்னா. அப்பவும் திறக்க முடியலையா?"

"அப்ப சொன்னா நீ என்னைக் கொலைகாரனைப் பாக்கிற மாதிரிப் பாப்பேன்னு..."

"நான் லெட்டர் எழுதினப்ப தோளுக்கு மேல நின்னு படிச்சீங்க. ஒற்று விட்டுட்டேன்னு திருத்தினீங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த கிரீஸ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "வயசு ஆகுதே, நீ வீட்டோட இருந்தா கைக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன்," என்றார்.

"எந்தக் கைக்கு?" என்று கேட்டாள் அவள்.

நேற்றுவரை யாராவது இவர் பொய் சொல்கிறார் என்று சொல்லியிருந்தால் சொன்னவரை வீட்டுப்பக்கம் வராதே என்றிருப்பாள். அடித்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பரிவாகப் பேசின வாயும் பட்டை கட்டின விரல்களும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அந்தப் பரிவில் எது நிஜம், எது பயம் என்று இனி உட்கார்ந்து பிரிக்க முடியாது.

"என் வண்டிய இனிமே நீங்க தொட வேணாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டை விட்டு அவள் போகவில்லை. இருவருக்கும் சேர்த்தே சமைத்தாள். கேஸ் தீர்ந்ததையும் தண்ணீர் வராததையும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கொழுந்தன் கண் கலங்கி வந்து, இப்போதே நான்கையும் கழற்றித் தருகிறேன் என்று நின்றான். உன் வண்டியிலும் மனுஷர்கள்தானே போகிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டாள். லைசென்ஸ் அலுவலகத்தில், கொடுத்த கடிதத்தின்படி அனுமதி ரத்தாகிவிட்டது, வேண்டுமானால் முதலிலிருந்து தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருஷம் கற்றுக்கொடுத்தவள், தன்னிடம் படித்த பையன்களோடு வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினாள்.

நர்ஸைப் போய்ப் பார்க்கத்தான் அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே, பணி மாறுகிற நேரத்தில் காத்திருந்து பிடித்தாள். புருவத்துக்கு மேல் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. வீடு வீடாகப் போகிற அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது என்று நர்ஸ் சாதாரணமாகச் சொன்னாள். டீச்சர் டயர் கதை முழுவதையும் சொன்னாள். கணவர் செய்ததையும் மறைக்கவில்லை.

"நீ சரியாத்தான் திருப்பினே. லேட்டு இல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன்," என்றாள்.

நர்ஸ் படியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

"அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதுக்கு அப்புறம், ஊசி போடறப்பகூட ரெண்டு தடவை பாக்கிறேன் டீச்சர். பத்து வருஷமா நரம்பு பிடிக்கிற கை. நரம்பு இங்கதான் இருக்குன்னு கை சொல்லுது, எனக்கு நம்பிக்கை வரல." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "என்னைச் சொன்னீங்க, சரி. ஆனா நான் திருப்பினதை நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துக்கொள் என்று கேட்டாள். நர்ஸ் தலையசைத்தாள். கையை உருவிக்கொள்ளவுமில்லை, இறுக்கிப் பிடிக்கவுமில்லை. திரும்ப வருவாயா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வீடு வரும்வரை டீச்சருக்கு ஒரே நினைப்பாக இருந்தது. கணவர் தன்னிடம் செய்ததை, தான் ஒரே வாக்கியத்தில் இன்னொருத்திக்குச் செய்துவிட்டோம். கணவர்மேல் இருந்த ஆத்திரம் அதனால் குறையவில்லை. அதில் ஒரு பங்கு தன் பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

புது டயர் போட ஊரின் மறுகோடியில், யாருக்கும் அவளைத் தெரியாத ஒரு கடைக்குப் போனாள். வழி நெடுகத் தூறல், அந்தக் கெட்டி டயர்களோடு ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. என்ன டயர் வேண்டும் என்று அவளே சொன்னாள். ஒவ்வொன்றையும் புரட்டி எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினாள். டயர் மாட்டுகிறவன் வாட்டசாட்டமான ஆள், நல்ல கலகலப்பு. உள்ளே மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, டீ வரவழைக்கிறேன், போய் உட்காருங்கள் என்றான். அவள் வேண்டாம் என்றுவிட்டு, சாரலில் முந்தானை நனைய, அவன் பக்கத்திலேயே நின்றாள். பழைய டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதை, புதியதை அழுத்தி ஏற்றுவதை, எண் வெளிப்பக்கம் வருவதை, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்குவதைப் பார்த்தாள். மூன்றாவது சக்கரத்தில் அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான்.

"உன் மேல எனக்கு என்னப்பா சந்தேகம்? உன்னை எனக்குத் தெரியவே தெரியாதே," என்றாள் அவள்.

அவன் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களிடமும் உரக்கச் சொல்லிச் சிரித்தான். அவள் நான்காவது சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றுகொண்டாள்.